மெனின் வாயிலில் இரவு எட்டு மணி

கேள்வி: பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலுள்ள மெனின் வாயிலைப் பகலில் பார்த்தால் போதுமா, இரவு வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: இரண்டு வேளையும் செல்லுங்கள். 1927-இல் திறக்கப்பட்ட இந்த வாயிலின் சுவர்களில், முதல் உலகப் போரில் மாண்டு, கல்லறைகூட அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. இந்தியப் படையினரும் அவர்களுள் அடக்கம் என்பதால், நிதானமாகப் படிக்கப் பகல் வெளிச்சமே ஏற்றது. இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, ஊதுகொம்புக் கலைஞர்கள், மாண்ட வீரர்களுக்கு அஞ்சலியாக ஊதப்படும் 'லாஸ்ட் போஸ்ட்' என்னும் இசையை இசைப்பார்கள். 1928-இல் தொடங்கிய இவ்வழக்கம் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தடைப்பட்டு, 1944 செப்டம்பரில் நகரம் விடுபட்ட அன்று மாலையே மீண்டும் ஒலித்தது. கட்டணம் இல்லை, கூட்டம் சேரும் என்பதால் முன்னதாகவே சென்றுவிடுங்கள். இது இசை நிகழ்ச்சி அன்று, கைதட்ட வேண்டாம்.