ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு என்ன செய்யலாம்?

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள், 9 பேர் பெண்கள். இந்த ஆண்டு மூன்று பேர் பெரிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். இப்போதைக்குச் சம்பளத்தைக் கூட்ட வசதியில்லை. தீபாவளிக்குப் புடவை, இனிப்பு கொடுக்கிறேன். ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று படம் மாட்டினேன், முணுமுணுப்புதான் மிச்சம். அதிகச் செலவில்லாமல் வேறு என்ன செய்யலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். பட்டுப் பிரிவில் நிற்பவருக்கு ஒரு கல்யாண ஜவுளி அமைந்தால் போதும், துண்டும் உள்பாவாடையும் விற்பவர் மாதம் முழுக்க நின்றாலும் அந்தத் தொகையை எட்ட முடியாது. அதனால் படத்தில் ஒரே முகம்தான் வரும். முறை வைத்து மாற்றினால் அதற்கு மதிப்பே இருக்காது.

அதற்குப் பதில், செய்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நாற்பது புடவைகளை விரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றுகூட வாங்காமல் ஒரு குடும்பம் போகிறது. ஊழியர் அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து, விலைவாரியாக அடுக்குகிறார். பில்லில் ஏறாத வேலை இது. “அந்த நாற்பதையும் உடனே அடுக்கிட்டீங்கம்மா, அடுத்து வந்தவங்களுக்குத் தேடாம எடுத்துக் காட்ட முடிஞ்சுது” என்று அன்றைக்கே, அவர் கிளம்புவதற்குள் சொல்லுங்கள். கூடவே “ஆனா காலைல லேட்டா வந்தீங்களே” என்று சேர்த்தால் பாராட்டு போய்விடும், திட்டு மட்டும் நிற்கும். கண்டிக்க வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

அடுத்தது இருக்கை. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடியதையடுத்து 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கினார்கள். ஆகவே இது நீங்கள் செய்யும் சலுகை இல்லை. பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை. மேற்பார்வையாளர் முறைப்பார், சிசிடிவியில் பார்த்துவிட்டு முதலாளி போன் செய்வார் என்ற பயம். ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் போடுங்கள். ஆள் வராத நேரத்தில் உட்காரலாம் என்று மேற்பார்வையாளரையும் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் நீங்களே சொல்லுங்கள்.

வார விடுமுறைப் பட்டியலை முந்தைய மாதம் 25ஆம் தேதிக்குள் ஒட்டிவிடுங்கள். “கூட்டம் இல்ல, நாளைக்கு லீவு எடுத்துக்க” என்று திடீரெனக் கிடைக்கும் நாளில் துணி துவைக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூட விசேஷத்துக்கோ சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கோ திட்டமிட்டுப் போக முடியாது.

இனி தீபாவளி விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுப்பவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கடைசி நாள் இரவில் மிச்சத்தில் பொறுக்குகிறார்கள். இதைவிட மனம் நோகிற விஷயம் இந்தத் தொழிலில் குறைவு. பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு வார நாள் காலையில், கடை திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். குடும்பத்தையும் கூட்டி வரட்டும். கொள்முதல் விலைக்கே கொடுங்கள், மூன்று தவணையில் பிடித்துக்கொள்ளுங்கள். தவணைக் கணக்கை எழுதி ஒரு பிரதி அவர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள், வாய்க்கணக்கு பின்னால் சண்டையில் முடியும். உங்களுக்கு லாபம் குறையுமே தவிர, கைக்காசு போகாது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை கொடுத்தால் அது சீருடை போலத்தான் இருக்கும். இவ்வளவு ரூபாய்க்குள் என்று சொல்லி அவர்களையே எடுக்க விடுங்கள். போனஸ் கொடுப்பதானால் இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். இரவு நேரமானால் பெண்களை வீடு சேர்க்க ஆட்டோ உங்கள் பொறுப்பு, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இவையெல்லாம் நியாயமான சம்பளத்துக்கு மேலே வருபவை. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே யாருக்காவது கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

போன மூவரில் ஒருவரிடமாவது போனில் பேசிப் பாருங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம். உங்கள் கடையில் இருந்தபோது இரவு எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள், இப்போது எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.