யாருடைய ‘தி’?

அன்புள்ள ஐயா,

அலுவலக மின்னஞ்சலில் ‘தி குமார்ஸ் ரிப்போர்ட்’ என்று எழுதினேன். மேலாளர் ‘தி’யை அடித்துவிட்டார். சரியென்று ‘மேனேஜர்ஸ் ரிப்போர்ட்’ என்று எழுதினால், ‘தி’ எங்கே என்கிறார். இரண்டும் ரிப்போர்ட்தானே? தமிழில் ‘தி’, ‘எ’ போன்ற ஆர்ட்டிகிளே கிடையாது, நமக்கு இது எப்படி வரும்? ஜேம்ஸ் போன்ற பெயர்களுக்கு அபாஸ்ட்ரஃபிக்குப் பின் இன்னொரு எஸ் வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

ஜேம்ஸை விடுங்கள். இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாறாமல் இருந்தால் போதும்.

நீங்கள் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ‘தி’ ரிப்போர்ட்டுக்கு உரியதல்ல, அதை உடையவருக்கு உரியது. அவரை மட்டும் தனியாகச் சொல்லிப் பாருங்கள். ‘தி குமார்’ என்பீர்களா? ‘தி மேனேஜர்’ என்பீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் ‘தமிழில் இல்லை, அதனால் வராது’ என்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. நானும் அதைச் சொல்லித் திரிந்தவன் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே. பள்ளிக் கட்டுரையில் ‘மை ஃபாதர்ஸ் தி பென்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் தவறு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது, அந்தப் பையன் தமிழில் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். ‘அப்பாவின் அந்தப் பேனா’, ‘அப்பாவின் ஒரு பேனா’ என்றெல்லாம் நாம் நடுவில் நுழைக்கலாம். ஆங்கிலத்தில் அந்த நடு இடமே இல்லை. ‘தி’ உட்கார வேண்டிய இடத்தில் ‘மை ஃபாதர்ஸ்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பேனா என்று சொல்லியே ஆகவேண்டுமென்றால், ‘எ பென் ஆஃப் மை ஃபாதர்ஸ்’ என்று சுற்றிக்கொண்டு வருகிறார்கள், பாவம். அவர்களுடைய ‘தி’ பழைய ஆங்கிலத்தில் சுட்டுச்சொல்லாக இருந்ததுதான். ‘எ’ என்பது ‘ஒன்று’ என்ற சொல் தேய்ந்து வந்தது. அந்த, ஒரு. நம்மிடம் இல்லாத சரக்கா இது? கொஞ்சம் யோசிக்கச் சோம்பல், அதற்குத் தாய்மொழி மேல் பழி.

அப்புறம், நான் சொன்ன விதி ஓரிடத்தில் கவிழும். ‘எ சில்ட்ரன்ஸ் புக்.’ சில்ட்ரன் பன்மை, அதற்கு முன்னால் ‘எ’ எப்படி வந்தது? இங்கே அது புத்தகத்துக்கு உரியது. ஏனென்றால் ‘சில்ட்ரன்ஸ்’ உடையவரைச் சொல்லவில்லை, வகையைச் சொல்கிறது. ‘எ விமன்ஸ் காலேஜ்’ அப்படித்தான். குழப்பமாக இருந்தால் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் கையில் வைத்திருப்பது ‘குழந்தைகளின் புத்தகம்’. அவர்களுக்காக எழுதியது ‘சிறுவர் நூல்’. ‘மகளிரின் கல்லூரி’ என்று யாராவது சொல்கிறார்களா? மகளிர் கல்லூரி. உடைமை போய் வகை வந்ததும் நாம் ‘இன்’னைக் கழற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான எஸ்ஸைக் கழற்றாமல், ‘எ’யை மட்டும் இடம் மாற்றி ஒட்டிவிட்டார்கள். எப்போதும் இப்படிப் பொருந்தாது, பெரும்பாலும் உதவும்.

உங்கள் மேலாளர் இரண்டு முறையும் திருத்தியது சரி. காரணம் கேட்டிருக்கலாமே நீங்கள்? நானும் அன்று கேட்கவில்லை.