கேள்வி–பதில்: கேம் கன்சோலின் அடக்கவிலை

கேள்வி: பழுதான பிளேஸ்டேஷன் 5 ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். உள்ளே உள்ள பாகங்களைக் கொண்டு, தொழிற்சாலையில் அது என்ன அடக்கத்துக்கு வந்திருக்கும் என்று கணக்கிட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். முக்கியச் சிப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் கணக்கு பிசகினால், திருகாணிவரை காசு சுத்தமாக எழுதி வைத்தும் பயனில்லை.

சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கைக் கழற்றியதும் திரவ உலோகப் பூச்சு தெரியும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகிவிடும். பஞ்சுக்குச்சியால் நடுப்பக்கமாக ஒற்றி எடுங்கள். அடியில் கண்ணாடிபோல் பளபளக்கும் செவ்வகம்தான் சிலிக்கன் துண்டு, ‘டை’ என்பார்கள். அதைச் சுற்றியுள்ள தகடு வெறும் தாங்கி. பலர் அந்தத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு, சிப்பின் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடுகிறார்கள். டையின் நீள அகலத்தை மட்டும் வெர்னியர் காலிப்பரால் அளந்து பெருக்குங்கள். முதல் வரிசை பிளேஸ்டேஷன் 5-இல் அது ஏறக்குறைய 300 சதுர மி.மீ. வரும்.

இனி கணக்கு. சிப்கள் 300 மி.மீ. விட்டமுள்ள வேஃபர் என்ற வட்டத் தகட்டில் அச்சாகின்றன. அதன் பரப்பு சுமார் 70,700 சதுர மி.மீ. 300-ஆல் வகுத்தால் 235 வருகிறது. ஆனால் வட்டத்துக்குள் செவ்வகம் வெட்டும்போது ஓரத்துண்டுகள் கழிந்துபோகும். கையில் நிற்பது 195 சொச்சம். அடுத்து, குறைபாடு. சதுர செ.மீ.க்கு 0.1 குறை என்று கொண்டால் நூற்றுக்கு 74 டை தேறும், அதாவது 144. வேஃபரின் விலை 9,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், டை ஒன்றுக்குச் சுமார் 62 டாலர்.

இங்கே ஒரு நுட்பத்தைத் தவறவிடாதீர்கள். அந்தச் சிப்பில் 40 கிராஃபிக்ஸ் அலகுகள் இருந்தும் 36 மட்டுமே இயங்குகின்றன. பிளேஸ்டேஷன் 3-இன் செல் சிப்பிலும் எட்டுத் துணைக் கருக்களில் (கணக்கிடும் பகுதிகளில்) ஏழுதான் இயங்கின. உபரி அலகில் குறை விழுந்தால் அதை அணைத்துவிட்டு டையைக் காப்பாற்றலாம் என்பதற்கான ஏற்பாடு இது. 144 தேற வேண்டிய இடத்தில் 170 தேறினால் விலை 53 டாலராக இறங்கிவிடும். இதன் மேல் தாங்கியில் பொருத்தும் கூலி, சோதனைச் செலவு, சிப்பை வடிவமைத்த நிறுவனத்தின் லாபம் ஆகியவற்றை ஏற்றுங்கள்.

மெமரி எளிது. 2 ஜிபி வீதம் எட்டுச் சிப்கள், மொத்தம் 16 ஜிபி. மேலே பொறித்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தகவல்தாளைப் பாருங்கள். சந்தையில் அன்றாடம் ஏறி இறங்கும் விலையை எடுக்காதீர்கள். கன்சோல் நிறுவனங்கள் வாங்குவது ஒப்பந்த விலையில். ஹீட் சிங்க்கைத் தராசில் வைத்து, செம்பு எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு என்று எடைக்கு விலை போடுங்கள். கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் போன்ற பொடிச் சாமான்களுக்கு மொத்தமாக ஒரு தொகை போதும். பவர் சப்ளை, கன்ட்ரோலர், கேபிள், அட்டைப்பெட்டி ஆகியவை விடுபடக் கூடாது. எதற்கும் ரிப்பேர் கடை உதிரிபாக விலையைப் போடாதீர்கள். ஆயிரம் வாங்குபவருக்கும் கோடி வாங்குபவருக்கும் விலை ஒன்றல்ல.

கேள்வி: பிளேஸ்டேஷன் 4-இன் அடக்கம் 381 டாலர், விற்பனை விலை 399 டாலர் என்று படித்தேன். அப்படியானால் லாபம் 18 டாலரா?

பதில்: இல்லை. 2013-இல் ஐஎச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்துப் போட்ட மதிப்பீடு அது: பாகங்களுக்கு 372 டாலர், கோர்க்கும் கூலி 9 டாலர். கடைக்காரரின் பங்கு, கப்பல் கூலி, காப்புரிமைக் கட்டணம், விளம்பரம், வடிவமைப்புச் செலவு எதுவும் அதில் சேரவில்லை. கடைக்காரரின் பங்கைக் கழித்தாலே அந்த 18 டாலரில் பெரும்பகுதி போய்விடும்.

எல்லோரும் மறப்பது வாரன்டி. எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு வளைய விளக்கு எரிந்து பெட்டிகள் செயலிழந்தபோது, 2007-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கென ஒதுக்கியது 100 கோடி டாலருக்கும் மேல். அதுவரை அனுப்பியிருந்தவை சுமார் 1.16 கோடி பெட்டிகள். வகுத்துப் பாருங்கள்: பெட்டிக்கு ஏறக்குறைய 90 டாலர். பாகப் பட்டியலில் எந்த வரியிலும் இந்தத் தொகை இல்லை.

கேள்வி: டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் 100 டாலர் குறைவாக வந்ததே, டிரைவின் அடக்கம் 100 டாலரா?

பதில்: விலை வித்தியாசத்தை வைத்து அடக்கத்தைச் சொல்ல முடியாது. 2020-இல் பிளேஸ்டேஷன் 5-இன் இரண்டு மாடல்களுக்கும் வித்தியாசம் 100 டாலர். 2023-இல் வந்த மெலிந்த மாடலில் 50 டாலர். அதே ஆண்டு டிரைவைத் தனியாக விற்றபோது ஏறக்குறைய 80 டாலர். மூன்றும் விற்பனை முடிவுகள். டிரைவ் இல்லாதவர் நிறுவனத்தின் இணையக் கடையில்தான் கேம் வாங்க வேண்டும்; அந்த வருமானத்தை எதிர்பார்த்தே பெட்டியின் விலையை இறக்குகிறார்கள்.

கேள்வி: இன்று போட்ட கணக்கு இரண்டு ஆண்டு கழித்தும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. மேலே தேதியும் மாடல் எண்ணும் எழுதி வையுங்கள். 2006-இல் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது, 599 டாலர் மாடலின் அடக்கம் சுமார் 840 டாலர் என்று ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பின்னர் சிப்கள் சுருங்கச் சுருங்க அடக்கம் இறங்கியது. பிளேஸ்டேஷன் 5-இலும் 2022-இல் வந்த மாடல்களில் டை சிறிதானது. ஆனால் புதிய நுட்பத்தில் வேஃபர் விலையும் ஏறுகிறது, ஆகவே பரப்பு குறைந்த அளவுக்குச் செலவு குறைவதில்லை. மாடல் மாறும்போதெல்லாம் டையை மறுபடி அளந்து, வேஃபர் கணக்கிலிருந்தே புதிதாகப் போடுங்கள்.