குஞ்சு முழுதாக வளர்ந்தும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போனால், தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: இன்குபேட்டரில் 20 முட்டை வைத்தாராம், 21 நாள் கழித்து மூன்று மட்டும் பொரிந்ததாம், மற்றதை உடைத்துப் பார்த்தால் குஞ்சு முழுதாக வளர்ந்து செத்துக் கிடந்ததாம். தான் எங்கே தவறினோம் என்று கேட்கிறார்.

எனக்கு முன்னால் எழுதிய இருவர் சேவல் சரியில்லை என்கிறார்கள். சேவல் சரியில்லை என்றால் கருவே கூடியிருக்காது, ஐயா. உள்ளே இறகு முளைத்த குஞ்சு இருக்கிறது என்றால் சேவல் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டது. கெடுத்தது நாம். நாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 24 முட்டை வைத்து இரண்டே குஞ்சு எடுத்தவன் நான்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். 2022 கடைசியில் மலேசியாவில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது பலருக்கு நினைவிருக்கும். கடையில் ஆளுக்கு ஒரு தட்டுதான் என்று எழுதி ஒட்டினார்கள். நாமக்கல்லிலிருந்து முட்டை வந்து இறங்கியது. (எதிர்வீட்டுப் பையன் நாமக்கல் முட்டையைப் பொரிக்க வைத்தால் குஞ்சு தமிழ் பேசுமா என்று கேட்டான். பேசாது, பொரிக்கவும் பொரிக்காது. பண்ணைகளில் முட்டைக்கென்று வளர்க்கும் கோழிகளோடு சேவல் இருப்பதில்லை.) அந்தச் சூட்டில்தான் நானும் ஓர் இன்குபேட்டர் வாங்கினேன். 24 முட்டை பிடிக்கும், தானே திருப்பிப் போடும், இருநூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கியது. பக்கத்துக் கம்பத்து (மலாய் கிராமத்து) பாக்சிக்கிடம், அதாவது மலாய்ப் பெரியவரிடம், கம்பத்துக்கோழி (நாட்டுக்கோழி) முட்டை வாங்கி வந்து, ஒரு நாள் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு அடுக்கினேன்.

பெட்டியின் அடியில் இரண்டு வாய்க்கால். இரண்டிலும் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும் என்று கூடவே வந்த தாள் சொன்னது. நான் தாளை நம்புகிறவன். காலையும் மாலையும் ஊற்றினேன். ஈரப்பதம் 65, சில நாள் 70 காட்டியது. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் இரவு குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். ஐந்து வெறும் மஞ்சளாக இருந்தன, எடுத்துவிட்டேன். பத்தொன்பதில் சிவப்பு நரம்பு ஓடியது. குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவிப்பு கொடுத்துவிட்டேன், கொழுந்தியாள் வீட்டுக்கு ஐந்து குஞ்சு என்று வாக்கும் கொடுத்தாயிற்று.

21ஆம் நாள் இரண்டு வந்தன. இருபத்திரண்டு, இருபத்துமூன்று, ஒன்றுமில்லை. பின்பக்கம் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து உடைத்தேன். ஓட்டை விரலால் அழுத்தியதும் கொழகொழவென்று தண்ணீர் வழிந்தது. குஞ்சு முழுசாக இருந்தது. அலகு, நகம், ஈரத்தில் ஒட்டிய முடி, வீங்கிய கழுத்து. அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறை ஒரு ஐந்து சென் காசு அளவுக்குத்தான் இருந்தது. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். பதினேழையும் உடைத்தேன்.

அம்மா முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கோழி எந்த வாளியிலடா தண்ணி மொண்டு ஊத்துச்சு?"

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து படித்தபோது கேள்வி சரியான இடத்தில் விழுந்திருப்பது தெரிந்தது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வைத்த நாளிலிருந்து பொரியும் வரை எடையில் ஏறக்குறைய 12, 13 விழுக்காடு குறைந்தால்தான் காற்றறை போதுமான அளவு விரியும். குஞ்சு ஓட்டை உடைக்கும் முன்பு முதலில் அந்த அறைக்குள் அலகை நீட்டித்தான் மூச்சுவிடத் தொடங்குகிறது. பெட்டிக்குள் ஈரம் மிஞ்சினால் தண்ணீர் வெளியே போகாது, அறை விரியாது, குஞ்சு தன் வீட்டுக்குள்ளேயே மூழ்கும்.

நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரம். வெளியே 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்று வையுங்கள். அதே காற்றை 37.5க்குச் சூடேற்றினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே பெட்டிக்குள் 44 அளவில் நிற்கும். முதல் 18 நாளைக்குத் தேவை 45, 50தான். நான் அதற்கு மேல் இரண்டு வாய்க்கால் நிரப்பிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டவரே, நீங்கள் ஊர் சொல்லவில்லை. கடலோரமோ, மழைக்காலமோ, எங்கள் பக்கமோ என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கோடையில் கோவை, சேலம் என்றால் கொஞ்சம் ஊற்றத்தான் வேண்டும். குளிர்சாதன அறையிலும் அப்படித்தான். உடனே "எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றித்தான் 90 விழுக்காடு எடுத்தோம்" என்று யாராவது வருவார்கள். சந்தோஷம், எடுங்கள். பழைய முட்டை, சரியாகத் திருப்பாதது, சூடு கூடுவது என்று வேறு காரணங்களாலும் ஓட்டுக்குள் சாகும், மறுக்கவில்லை. ஆனால் உடைத்தபோது தண்ணீர் வழிந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் தடவை 20 முட்டை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஈர அளவி தனியாக ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன், 46, 47 என்று ஆடியது. பெட்டி காட்டும் சூட்டையும் நம்பாமல் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுச் சரிபார்த்தேன். அம்மா தன் பங்குக்கு ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் கொண்டுவந்து மூடிமேல் வைத்தார். அடைக்கு வைக்கும்போது இடிக்கு முட்டை கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படி வைப்பார்கள். பகுத்தறிவாளர்கள் பொறுத்துக்கொள்ளவும், நான் அதை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் இடி இடித்து மூன்று மணிநேரம் கரண்ட் போனது! கம்பளியைச் சுற்றிவிட்டுத் திறக்காமல் காத்திருந்தேன். உள்ளே 31 வரை இறங்கியது. கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கும், தாங்காதது அதிகச் சூடுதான். ஆணியின் புண்ணியமா கம்பளியின் புண்ணியமா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

அடையாளம் போட்ட ஒரு முட்டையை மட்டும் சமையல் தராசில் நிறுத்து வந்தேன். முதல் நாள் 48 கிராம், 18ஆம் நாள் 42.5. அன்றோடு திருப்புவதை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை அப்போதுதான் ஊற்றி, ஈரத்தை 65க்கு மேல் ஏற்றினேன். உடைத்து வரும்போது உள்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அதற்காக. பெட்டியின் காற்றுத் துளையையும் முழுதாகத் திறந்துவிட்டேன். இருபதாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு மூடிக்குள்ளிருந்து கீச் என்று ஒரு சத்தம். எந்த ஓட்டிலும் கீறல் இல்லை. காதை வைத்துக் கேட்டேன், இன்னும் உடைபடாத முட்டைக்குள்ளிருந்து கூப்பிடுகிறது.

மின்தடையாலோ என்னவோ ஒரு நாள் பிந்தி, இருபத்திரண்டில் பதினான்கு வந்தன. முதல் கீறலிலிருந்து வெளியே வர ஒரு குஞ்சு பதினெட்டு மணிநேரம் எடுத்தது. உதவுகிறேன் என்று ஓட்டை உரிக்காதீர்கள், ரத்தம் வரும். மூடியையும் திறக்காதீர்கள். வந்த குஞ்சு வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை வைத்தே இரண்டு நாள் தாங்கும்.

பொரித்ததைவிட வளர்த்ததுதான் பெரிய பாடு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் பின்னால் ஆறடி சிமெண்டுத் தரை. பக்கத்து வீட்டுக்காரர் சேவல் கூவுகிறது என்று புகார் எழுதிப் போட்டார். முன்பு நாங்கள் இருந்த தோட்டத்தில் லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு) என்றாலும் பின்னால் கீரை, கோழி, ஆடு எல்லாம் இருந்தது. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், மூன்று தலைமுறை உழைத்ததற்கு எங்கள் கைக்கு வந்தது லாரி வாடகைக்குக்கூடக் கட்டவில்லை. இப்போது கோழி சத்தம் போடுகிறதாம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். சேவல்களைப் பாக்சிக்கிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த தடவை ஒரு முட்டையை முதல் நாளும் 18ஆம் நாளும் நிறுத்து, இரண்டு எடையையும் இதற்குக் கீழே எழுதிப் போடுங்கள். உடைத்த முட்டைகளின் படம் வேண்டாம்.