ரசீதுப் புத்தகம் யார் கையில்?

வணக்கம்.

மாநில அரசுத் துறை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். உறுப்பினர் சேர்க்கைக்காக என்னை வேறு மாவட்டத்துக்குப் போகச் சொல்லி எங்கள் சங்கத்தின் மாநிலக் குழு முடிவெடுத்திருக்கிறது. அலுவலக ஊழியர்கள், சத்துணவு ஊழியர்கள் இரு தரப்பையும் பார்க்க வேண்டும். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. நான்கு சனி, ஞாயிறு போய்வரலாம் என்று நினைத்திருக்கிறேன். பத்து ரசீதுப் புத்தகங்களைக் கையில் கொடுத்து, அத்தனையையும் தீர்த்துவிட்டு வா என்றிருக்கிறார்கள்.

அலுவலக வாசலில் நடத்துகிற வாயிற்கூட்டத்தில் எப்படிப் பேசுவது? அதற்கு என்னென்ன படிக்க வேண்டும்? "அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் சேர்ந்தால் வேலைக்கு ஆபத்து வராதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தத் தலைமுறை ஊழியர்களுக்குச் சங்க உணர்வே இல்லை. சம்பளம் வந்தால் போதும் என்று இருக்கிறார்கள். இவர்களை எப்படித் தட்டி எழுப்புவது? வாட்ஸப் குழு தொடங்கினால் பலன் இருக்குமா?

ர.
(ஊரும் துறையும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ர.,

கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் கேள்விகள் இல்லை, போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தப் பத்து ரசீதுப் புத்தகங்கள். கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம்.

சனி, ஞாயிறு போய்வருகிறேன் என்கிறீர்கள். அரசு அலுவலகத்தில் இருப்பவர் போடுகிற திட்டமா இது? அன்றைக்கு அலுவலகம் பூட்டியிருக்கும், சத்துணவு மையமும் பூட்டியிருக்கும். வீடு தேடிப் போகலாம்தான். யார் வீடு எங்கே என்று சொல்ல அந்த ஊரில் உங்களுக்கு ஆள் வேண்டுமே! தற்செயல் விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டும். வருடத்துக்கு 12 நாள். விடுமுறை நாட்களைச் சேர்த்தாலும் ஒரே தொடர்ச்சியில் பத்து நாளைத் தாண்டக் கூடாது. விண்ணப்பத்திலேயே தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி கேட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லை என்பதையே பிடித்துக்கொண்டு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை (மெமோ) கொடுக்கிற அதிகாரிகள் உண்டு. காரணம் 'சொந்த வேலை' போதும். 'உடல்நிலை சரியில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். வாயிற்கூட்டத்தில் நீங்கள் நிற்கிற படம் அன்று மாலையே உங்கள் மேலாளர் போனுக்கு வந்துவிடும்.

திங்கட்கிழமை வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், மனுக் கூட்டம் அலைமோதும். சம்பளப் பட்டியல் போடுகிற மூன்றாம் வாரத்தில் கணக்குப் பிரிவு பக்கம் தலைகாட்டாதீர்கள். மார்ச்சில் கருவூலத்தையும், ஜமாபந்தி என்கிற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கிற நாட்களில் தாலுகா அலுவலகத்தையும் மறந்துவிடுங்கள். மாதக் கடைசி வேலைநாளில் சம்பளம் ஏறுகிறது. அடுத்த மாதத்தின் முதல் வாரம்தான் உங்கள் வாரம்.

வாயிற்கூட்டப் பேச்சு ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் கேட்பவர்களுக்குச் சோறு ஆறிவிடும். மதிய இடைவேளையிலோ பணி நேரம் முடிந்தோ வைத்துக்கொள்ளுங்கள். கட்சி பேசாதீர்கள், நடத்தை விதிகளும் தடுக்கின்றன, கேட்பவர்களும் பாதிப் பேர் வேறு கட்சி. படிப்பதெல்லாம் ஊர் திரும்பியபின் படிக்கலாம். வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் நிறைய வரும்.

அங்கீகாரக் கேள்விக்கு மட்டும் ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு போங்கள். சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19(1)(சி)யில் இருக்கிறது. அரசு அங்கீகரிக்காத சங்கத்தில் ஊழியர் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு விதி இருந்தது. 1962இல் ஓ.கே. கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆர்ப்பாட்டமே கூடாது என்ற பீகார் விதியும் அதே வருடம் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் அடிபட்டது. ஆனால் வேலைநிறுத்த உரிமை அதில் அடங்காது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவு கேட்டுப் போன என்.ஜி.ஜி.ஓ. (அரசிதழ்ப் பதிவு பெறாத அலுவலர்கள்) சங்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பிய பழைய கதையும் உண்டு. நம் அமைப்புகளில் பல, தொழிற்சங்கச் சட்டத்துக்குப் பதிலாக 'சங்கங்கள் பதிவுச் சட்டம்' என்ற வேறு சட்டத்துக்குள் நிற்பதன் பின்னணி அது. சுருக்கமாக, சேரலாம், கூடலாம், கோரிக்கை அட்டை அணியலாம். வேலைநிறுத்தம் என்றால் நடத்தை விதிகளின் 22ஆம் விதி குறுக்கே நிற்கும், 17(பி) என்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வரும், அது முடியும்வரை பதவி உயர்வு நிற்கும்.

2003ஐ மறைக்காதீர்கள். ஜூலை மாதம் டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி, வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை என்று ஆகஸ்டில் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் மறுபடி வேலைக்குள் போனார்கள். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்த ஒருவர் நீங்கள் போகிற அலுவலகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டால் அவர் சொல்வார், நீங்கள் போன பிறகு சொல்வார்.

இனி திட்டு. 'உணர்வே இல்லை' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத்துக்காக மாதாமாதம் பத்து சதவீதம் பிடித்தம் கொடுத்திருக்கிறார். ஊதிய உயர்வு ஒரு மாதம் தள்ளிப்போனால் எத்தனை ரூபாய் நஷ்டம், அது அகவிலைப்படியில் எவ்வளவு இழுக்கும் என்று பேப்பர் இல்லாமல் சொல்வார். அவருக்கா உணர்வில்லை? அவரிடம் போன மூன்று வருடத்தில் சங்கத்திலிருந்து யார் வந்தார்கள், மாநாட்டு நன்கொடை கேட்க வந்ததைத் தவிர எதற்கு வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தூங்குகிறவரை எழுப்பத்தான் போகிறேன் என்ற நினைப்போடு பஸ் ஏறுவதாக இருந்தால் தயவுசெய்து போக வேண்டாம். அந்த நினைப்பு முகத்தில் தெரியும்.

போனதும் பேசாதீர்கள், கேளுங்கள். ஒரு நோட்டில் அலுவலகத்துக்கு ஒரு பக்கம். எத்தனை இருக்கைகள், அதில் எத்தனை காலி, காலி இருக்கையின் வேலையை யார் சேர்த்துப் பார்க்கிறார், யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார். பிறகு ஒரே கேள்வியைத் தனித்தனியாக மூன்று பேரிடம் கேளுங்கள்: "சம்பளத்துல ஏதாவது தப்பு வந்தா இங்க யாரைக் கேப்பீங்க?" இரண்டு பேர் வாயிலாவது ஒரே பெயர் வந்தால் அவர்தான் உங்கள் ஆள். பெரும்பாலும் அந்தப் பெயர் முன்வரிசையில் நின்று முழக்கம் போடுகிறவருடையதாக இருக்காது. மூலையில் பில் போட்டுக்கொண்டிருக்கிற ஒரு அம்மாவாக இருக்கும். அவர் முதல் நாள் மறுப்பார், இரண்டாம் நாளும் மறுப்பார். வலியுறுத்த வேண்டாம். அவருடைய நிலுவைக் கோப்பு ஏதாவது இருந்தால் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சத்துணவு மையம் வேறு கணக்கு. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பேர். ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்கு வருவது அமைப்பாளர் மட்டும். அங்கே போய் ரசீது எழுதினால் ஒரே நாளில் பட்டியல் நிரம்பிவிடும், மாநிலக் குழுவும் மெச்சிக்கொள்ளும். ஆனால் சமையலருக்கும் உதவியாளருக்கும் அன்றாடப் பிரச்சினையே சில சமயம் அந்த அமைப்பாளர்தான். அவர் எதிரில் வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு போங்கள். கடைசிப் பஸ் எப்போது என்று முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சரி, ரசீதுப் புத்தகம்.

பத்துப் புத்தகத்தையும் தீர்த்துவிட்டு வா என்று சொன்னவர்கள் உங்களைச் சங்கம் கட்ட அனுப்பவில்லை, வசூலுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் எழுதுகிற ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து. அடுத்த மாதச் சந்தாவை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. ரசீதைக் கிழித்தபின் புத்தகத்தில் மிஞ்சுகிற அடிக்கட்டைகள் முந்நூறு உங்கள் பையில் இருக்கும், அந்த ஊரில் சங்கம் இருக்காது. ஆறு மாதம் கழித்து இன்னொருவரை அனுப்புவார்கள். அவரிடம், "போன தடவையே ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாரே" என்பார்கள். பல மாவட்டங்களில் சங்கம் இப்படித்தான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிறந்து பிறந்து சாகிறது.

ஆகவே நீங்கள் ஒரு ரசீதுகூட எழுதக் கூடாது. அந்த ஊர் ஆளிடம் புத்தகத்தைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இருப்புப் பதிவேட்டில் புத்தக எண், முதல் ரசீது எண், கடைசி எண், பெறுபவர் பெயர், தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் வேண்டாம், பின்னால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவார்கள். ஒருவருக்கு இரண்டு புத்தகமும் வேண்டாம். முதல் ரசீதை அவர் தன் பெயருக்கே எழுதி, தன் சந்தாவைத் தானே கட்ட வேண்டும். இதைச் செய்யத் தயங்குகிறவரிடம் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. இரண்டாவது ரசீதைப் பக்கத்து இருக்கைக்காரருக்கு அவர் எழுதும்போது நீங்கள் கூட நில்லுங்கள், வாயைத் திறக்காமல். அவர் திக்குவார், சந்தாத் தொகையைச் சொல்லும்போது குரல் இறங்கும். அந்த நேரத்தில் உள்ளே புகுந்து பேசினீர்களானால் எல்லாம் கெட்டது. அப்புறம் அவர் எப்போதும் உங்களைத்தான் தேடுவார்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கி ரசீது கொடுத்துவிட்டு, கணக்கில் கட்டாமல் கையிலேயே வைத்திருப்பார்கள். திருட்டு நினைப்பு இருக்காது, அவசரச் செலவு வந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் அடிக்கட்டையைக் கூட்டி, வங்கிச் செலுத்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும், அவர் வசூலிப்பவராக இருக்கக் கூடாது. பாதி தீர்ந்த புத்தகத்தோடு ஒருவர் மாறுதலில் போய்விடுவார். விடுவிப்பு ஆணை கையில் வாங்கும் நாளிலேயே புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள், மறுநாள் என்றால் கிடைக்காது. தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறிவார்கள். இரண்டு பிரதியையும் சேர்த்துக் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, புத்தகத்திலேயே வைத்திருக்கப் பழக்குங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், மாநாட்டுக்கு முந்தின மாதம் நடப்பது. உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துத்தானே பிரதிநிதிகள்? பதவிக்கு ஆசைப்பட்டவர் பத்துப் பேர் சந்தாவைத் தன் பையிலிருந்தே கட்டிவிடுவார். தொடர்ச்சியான எண்களில், ஒரே தேதியில், ஒரே மையில் வரிசையாக ரசீதுகள் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள். 'நான் எப்போ சேர்ந்தேன்?' என்று அவர்கள் கேட்டால் விஷயம் விளங்கிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சம்பளத்திலேயே பிடித்துவிடலாமே என்பார்கள். பிடிக்கலாம். அப்போது உங்கள் உறுப்பினர் பட்டியல் சம்பளம் போடுகிற அதிகாரியின் மேஜையில் இருக்கும். மேலிடத்தில் ஒரு கடிதம் போட்டால் ஒரே மாதத்தில் சந்தா நின்றுபோகும். ஜிபே? தொலைவில் மாறுதலாகிப் போனவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. மற்றவர்களிடம் கையில்தான். வருடச் சந்தாவாக மொத்தமாக வாங்கினால் வேலை மிச்சம் என்கிற வாதமும் எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை வசூலிக்கப் போகிறவர் ஒவ்வொரு இருக்கையிலும் இரண்டு நிமிடம் நிற்கிறார். யாருக்கு மெமோ வந்தது, யாருடைய ஈட்டிய விடுப்புப் பணம் நிற்கிறது, எந்த அதிகாரி ராத்திரி எட்டு மணிக்கு அறிக்கை கேட்கிறார் என்று அந்த இரண்டு நிமிடத்தில்தான் தெரிகிறது. வேலை மிச்சமாகும்போது அதுவும் சேர்ந்து மிச்சமாகிறது. இதைச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்கிறார்கள். சொல்லட்டும்.

பத்துப் புத்தகத்தில் மூன்றைச் சரியான மூன்று பேரிடம் கொடுத்துவிட்டு, ஏழைத் திருப்பிக் கொண்டுவந்து மாநிலக் குழுவின் மேஜையில் வையுங்கள். முகம் சுளிப்பார்கள். இருப்புப் பதிவேட்டின் நகலை ஒன்று அவர்களிடமும் ஒன்று அந்த மூன்று பேரிடமும் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு நாள் போய் அடிக்கட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். நடுவில் அங்கிருந்து தினமும் போன் வரும், சம்பளம் ஏறவில்லை, மெமோ வந்திருக்கிறது என்று. நீங்கள் தீர்த்துவைக்காதீர்கள். அந்தப் பில் போடுகிற அம்மாவின் எண்ணைக் கொடுத்து, அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், உங்களுக்கும் மனசு கேட்காது. பரவாயில்லை, கொடுங்கள்.

அன்புடன்.