ஆச்சியை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ‘எங்கள் குடும்பம், எங்கள் பண்பாடு’ என்று ஒரு நாள் கொண்டாடலாம், பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் வரட்டும் என்கிறார் தலைமை ஆசிரியர். நம்ம ஊரில் இது எங்கே போய் நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. செங்கல் சூளை வேலைக்கு வந்த பீகார் குடும்பத்துப் பிள்ளைகளும் இரண்டு பேர் இருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: நியாயமான பயம்தான் டீச்சர். நான் வேலையில் இருந்தபோது ‘உங்க கோயில் கொடைத் திருவிழாவைப் பத்திச் சொல்லுங்க’ என்று வகுப்பில் கேட்டுத் தொலைத்தேன். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்த ஒரு பையன், பக்கத்தில் இருந்த பிள்ளையைக் காட்டி ‘அவங்கள்லாம் எங்க கோயிலுக்குள்ள வரக்கூடாது டீச்சர்’ என்றான். எட்டு வயதுப் பிள்ளை, வீட்டில் கேட்டதைத்தான் சொன்னான், ஆனால் அந்தப் பெண் அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. தப்பு என் கேள்வியில்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைச் சாதி வெறியில் அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் பள்ளியில் கூடாது என்றது. அதையே நாம் மூன்றாம் வகுப்பில் ‘பாரம்பரிய உடை’ என்று மேடை ஏற்றிவிடக் கூடாதில்லையா? வாடகைக்கு உடை எடுக்கிற செலவு வேறு.

அதனால் ‘நீங்க யாரு’ என்று கேட்காதீர்கள், ‘வீட்டில் என்ன சொல்வீங்க, என்ன செய்வீங்க’ என்று கேளுங்கள். முதலில் அம்மாவைப் பெற்றவளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆச்சி, பாட்டி, உம்மம்மா, தெலுங்கு பேசுகிற வீடு என்றால் அவ்வா என்று கரும்பலகை நிறைந்துவிடும், சூளைப் பிள்ளைகள் ‘நானி’ என்பார்கள். அன்றைக்கு அந்த இரண்டு பேரும்தான் வாத்தியார்!

அப்புறம் கைவேலை. பத்தமடைப் பக்கத்துச் சொந்தக்காரர் யாருக்காவது இருந்தால், கோரையை ஊறப்போட்டுப் பாய் நெய்கிறதைச் சொல்லச் சொல்லலாம். காருகுறிச்சி மண்பானையைத் தட்டிப் பார்க்கக் கொடுக்கலாம். பீடி சுற்றுகிற அம்மாக்களை விட்டுவிடாதீர்கள், நம்ம பக்கம் எத்தனை வீட்டில் அந்தக் காசில்தான் நோட்டுப் புத்தகமே வருகிறது. புகையிலைத் தட்டு வகுப்புக்கு வேண்டாம், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று அவர்கள் போடுகிற கணக்கு மட்டும் வரட்டும், அதுவே அன்றைய கணக்குப் பாடம்.

மதியத்துக்குக் கூட்டாஞ்சோறு. வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி, முடிந்தவர்கள் ஒரு காய், கொஞ்சம் முருங்கைக்கீரை. முடியாத பிள்ளை ஆச்சியிடம் கேட்ட ஒரு விடுகதையோடு வரட்டும். துவரம்பருப்போடு ஒரே பானையில் வெந்த பிறகு எது யார் வீட்டுக் கத்தரிக்காய் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைமை ஆசிரியர் உடையை விடவே மாட்டேன் என்றால், சோறு சட்டையில் சிந்தும், சீருடையே போதும் சார் என்று சொல்லிவிடுங்கள்.