பழைய 'ஆன் ரைட்டிங் வெல்' பிரதி போதுமா, புதுசு வாங்கணுமா?

"பழைய புத்தகக் கடையில் வில்லியம் ஜின்சரின் 'ஆன் ரைட்டிங் வெல்' முதல் பதிப்பு கிடைத்தது, 1976இல் வந்தது. பாட்டியின் வாழ்க்கையை எழுதப் போகிறேன், இதுவே போதுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கட்டுரை மாதிரியான எழுத்தை நன்றாக எழுதக் கற்றுத்தரும் ஆங்கிலக் கையேடு அது, நடை பழகத் தாராளமாகப் போதும். ஆனால் எழுதப்போவது பாட்டியின் கதை என்பதால், 2006இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பையும் தேடிப் பிடியுங்கள்.

ஜின்சர் அடிப்படையில் பத்திரிகைக்காரர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி 1946இல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழில் சேர்ந்தவர், 1959 வரை அங்கே சினிமா விமர்சனம், தலையங்கம் என எழுதித் தள்ளினார், அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் தனியாக எழுதிப் பிழைத்துவிட்டு, 1970களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அபுனைவு எழுத்துக்கு, அதாவது கற்பனை அல்லாத எழுத்துக்கு, வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பையே புத்தகமாக்கச் சொன்னது அவர் மனைவி கரோலின். அப்போது எல்லார் மேசையிலும் இருந்தது ஸ்ட்ரங்க்கும் வொயிட்டும் எழுதிய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' என்ற நடைக் கையேடு. அதோடு போட்டி போட அவர் நினைக்கவில்லை. அது விதிகளைச் சொல்கிறது, பேட்டி, பயணம், அறிவியல், விளையாட்டு என்று எழுதும்போது அந்த விதிகளை எப்படிக் கையாள்வது என்று தான் சொல்லலாமே என்றுதான் உட்கார்ந்தார்.

வகுப்பில் அவர் செய்த ஒரு வேலையை நீங்கள் இன்றே செய்து பார்க்கலாம். மாணவர் கட்டுரையில் வேலை செய்யாத சொற்களை அடிக்க மாட்டார், சுற்றி அடைப்புக்குறி மட்டும் போடுவார், அதை விட்டுவிட்டுப் படித்துப் பார்த்து எழுதியவரே முடிவு செய்யட்டும் என்று. 'பாட்டி (தன்னுடைய) இளம் வயதில் (இருந்த காலகட்டத்தில்) தறி நெய்தார்.' குறிக்குள் இருப்பதை எடுத்தால் என்ன குறைகிறது? ஒன்றுமில்லை. தன் கைப்பிரதியின் பக்கங்களையே திருத்தங்களோடு புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார். பார்த்தால் முதல் வரைவு மாதிரி இருக்கும், உண்மையில் நாலைந்து முறை திரும்பத் தட்டச்சு செய்தது. எனக்கு அந்தப் பக்கங்கள்தான் புத்தகத்திலேயே உசத்தி.

சரி, 2006 பதிப்பு எதற்கு? முப்பது வருடமும் அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பதிப்பில் குடும்ப வரலாறு எழுதுவதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். அதில் அவருடைய அப்பா வருகிறார்: வியாபாரி, எழுத்தாளராகும் ஆசையே கிடையாது, வயதான காலத்தில் குடும்பக் கதையை எழுதிப் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார், பதிப்பாளரைத் தேடவே இல்லை. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த அத்தியாயம்.